முதலில் பறித்தது யார்?

செடி தேடி வந்த வெள்ளைக்காரர் வில்மோர் துரை ராஜசபையில் தன் தாள்கட்டைப் பிரித்தபோது எழுந்த சரசரப்பு, அரசவை விகடர் செவ்வந்தியப்பருக்குத் தள்ளாத வயதிலும் காதைவிட்டுப் போகவில்லை. காய்ந்த இலைகள் காகிதத்தோடு உரசும் சத்தம். ஒரு மலைச்சரிவே கைமாறப் போகிற சத்தம்.

ராஜா அவசரப்பட்டு வாக்குக் கொடுத்திருந்தார். கோம்பை மலையில் புதுச்செடி கண்டுபிடிப்பவருக்கு அது முளைத்த சரிவே சொந்தம். துரை ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார். இனி வேலி போடுவார். அங்கே ஆடு மேய்க்கும் பன்னிரண்டு குடும்பங்களும் கீழே இறங்க வேண்டியதுதான்.

அவர்களில் ஒருத்தி, வெள்ளச்சி, முன்னால் வந்தாள். "சாமி, அந்தச் செடியை இவருக்குக் காட்டினதே நான்தான். வழுக்கி விழுந்தப்போ தூக்கி நிறுத்தினதும் நான்தான்."

"பார்த்தால் போதுமா?" என்றார் துரை. தமிழ் சரளமாக வந்தது. "நிலாவை எல்லோரும்தான் பார்க்கிறோம். முதலில் பறித்தவரே கண்டுபிடித்தவர். நீ பறித்தாயா?"

"மோந்தாலே கசப்பு. எதுக்குப் பறிக்கணும்?"

ராஜா பரிதாபமாக விகடரைப் பார்த்தார்.

"துரை சொல்வதே நியாயம்," என்றார் விகடர்.

"நீங்களும் அந்தப் பக்கந்தானா, ஐயா?" என்றாள் வெள்ளச்சி.

விகடர் 'முதலில் பறித்தவருக்கே சரிவு' என்று எழுதவைத்து, துரையிடம் கையெழுத்தும் வாங்கினார். பிறகு இலை ஒட்டிய தாளைக் கையில் எடுத்தார்.

"அழகான இலை. ஓரத்தில் பிறை போலக் கொஞ்சம் காணோமே?"

"ஏதோ ஆடு கடித்திருக்கிறது. நான் பறிப்பதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது."

"முன்பேயா?"

துரைக்கு முகம் சிவந்தது. சபையில் யாரோ இருமினார்கள்.

"அவ்வளவு உயரம் ஏறுறது எங்க செவலைக் கிடாதான், சாமி," என்றாள் வெள்ளச்சி.

"ஆட்டுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் துரை.

"சுற்றி நூறு செடி இருக்க, இதைத் தேடிப் பறித்திருக்கிறதே," என்றார் விகடர்.

ராஜா மீசையைத் தடவினார். "சரி ஐயா, துரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆடு போட்டிருக்கிறதா?"

"போட்டிருக்கிறது மகாராஜா. பேனா கிடைக்கவில்லை, பல்லால் போட்டுவிட்டது. துரையே அதைப் பத்திரமாகத் தாளில் ஒட்டியும் கொண்டுவந்திருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்தது. விகடருக்குச் சால்வை கிடைத்தது. சரிவின் பட்டா செவலையின் பெயருக்கு எழுதப்பட்டது; பன்னிரண்டு குடும்பங்களும் மேலேயே இருந்தன.

பட்டாதாரரை அறுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. செவலை இன்னும் ஒன்பது வருஷம் அங்கேயே மேய்ந்து, பல்லெல்லாம் கொட்டி, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது.