மாசானம் தேய்த்த கதவு

பனைவிளையில் மூளையைச் செலவழிக்காமல் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மாசானம், புலமாடன், வண்ணமுத்து. மூவரும் சங்கரபாண்டி ஆசாரியிடம் கையாட்கள்.

மாசானத்துக்கு மாமன் மகள் பேச்சியின்மேல் உயிர். மாமன் சொல்லிவிட்டார்: "நாளைக் காலைல புது வீட்டுல பால் காய்ச்சுதோம். வாசக்கதவ வழவழன்னு தேச்சு மாட்டிரு. பொண்ணத் தாரேன்."

ஆசாரிக்கு வெளியூர் வேலை. மரம் தேய்க்கிற உப்புத்தாள் மெஷினைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தூசி ஏறிரும், கண்ணையும் மூக்கையும் மூடிக்கிட்டு ஓட்டுங்கலே. தாள் மாத்தணும்னா மொதல்ல பிளக்கப் பிடுங்கணும். தடவிப் பாத்தா கையில ஒண்ணும் தட்டக்கூடாது. அதுவரைக்கும் தேயிங்க."

மாசானத்தின் இரண்டு கையிலும் மெஷின். ஆகவே புலமாடன் அவன் கண்ணைப் பொத்தினான். வண்ணமுத்து மூக்கைப் பிடித்தான்.

"வாயி?" என்றான் புலமாடன்.

"ஆசாரி வாயச் சொல்லலியே," என்றான் வண்ணமுத்து. தூசி முழுக்க மாசானத்தின் வாய்க்குள் போனது. பேச்சியை நினைத்துக்கொண்டு விழுங்கினான்.

கொஞ்ச நேரத்தில் தாள் தேய்ந்தது.

"பிளக்க ஆரு பிடுங்க? எங்கையி கண்ணுல இருக்கு."

"எங்கையி மூக்குல."

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓடுகிற மெஷினைக் கதவின்மேல் வைத்துவிட்டு, பிடித்த பிடி விடாமல் மூவரும் சுவரைத் தேடிப் போனார்கள். கண் பொத்தியிருந்த மாசானம்தான் வழிகாட்டி. திண்டாடித் தேடிப் பிளக்கைப் பிடுங்கித் திரும்பியபோது கதவின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

மாசானம் தடவினான். கை அந்தப் பக்கம் போய்விட்டது. "ஒண்ணுமே தட்டலலே," என்றான்.

"ஓரத்துல தட்டுதே," என்றான் புலமாடன்.

தாளை மாற்றி ஓரத்தையும் தேய்த்தார்கள். அதற்கும் ஓரம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒன்றும் தட்டவில்லை. கதவை மாட்டி, திருட்டுப் பயத்துக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஓட்டை வழியாக வெளியே வந்து வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் சொந்தபந்தம் கூடிவிட்டது. மாமன் ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினார்.

"தட்டவே இல்லியே. வழவழப்புன்னா இதுல்லா வழவழப்பு," என்றார் மாமன். பிறகு முகம் மாறியது. "உள்ள தாழ் போட்டிருக்கே. நல்ல நேரம் போயிருமே மாப்ள."

மாப்பிள்ளை என்று கேட்டதும் மாசானம் ஓட்டைக்குள் பாய்ந்து தாழைத் திறந்தான். எல்லாரும் வலது காலை வைத்து உள்ளே போனார்கள்.

"ஏ, நீ வாசல் வழியா வரலியே," என்றாள் பேச்சி. "வெளிய போயி வலது கால வச்சு வா."

நியாயம்தான். வந்த வழியே வெளியே போனான். பாலுக்கு நாய் வந்துவிடும் என்று மாமன் அதற்கு முன்பே கதவைத் தாழிட்டிருந்தார்.

மாசானம் தட்டினான்.

மாமன் ஓட்டை வழியாக அவன் முகத்துக்கு நேரே தலையை நீட்டி, "ஆரு?" என்றார்.

"நாந்தான் மாமா, மாசானம்."

"அவன் வெளிய போயிருக்கானே. வந்ததும் சொல்லுதேன்," என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சரி, வரட்டும் என்று மாசானமும் படியில் உட்கார்ந்தான்.