கதவு எண் வாங்கிய எருமை

மேலப்பூவனூர் பேரூராட்சியில் வீடு, கடை, காலிமனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுவதற்கு மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். தலைமை தணிகாசலம், அவருக்குத் துணையாக உலகநாதனும் பிச்சுமணியும். "ட்ரோன் எடுத்த படத்துல இருக்கிறதுதான் இருக்கு, இல்லாதது இல்லை" என்று மேலதிகாரி ஒருதரம் சொல்லிவிட்டார். மூவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ட்ரோன் பறந்த அன்று, அன்னக்கொடியின் காலிமனையில் அவளுடைய எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது கறுப்புக் கூரைக் கட்டடமாக ஏறி, கதவு எண் பதினாலையும் வாங்கிக்கொண்டது.

அன்னக்கொடியோ, ஒழுகுகிற வாடகை வீட்டில் இன்னொரு ஐப்பசியைத் தாங்க முடியாது என்று அந்த மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தாள். "ஏற்கெனவே கட்டடம் உள்ளது" என்று மனு திரும்பி வந்தது. அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், அது என் எருமை சார்."

தணிகாசலம் கம்ப்யூட்டரில் பொறுமையாகத் தேடினார். "இதுல குடியிருப்பு, கடை, காலிமனைன்னு மூணுதாம்மா இருக்கு. எருமைன்னு ஒண்ணு இல்லையே."

ஆனாலும் மனசு கேட்காமல் மூவரும் டேப்போடு நேரில் வந்தார்கள். மனையில் படுத்திருந்த எருமையின் நீள அகலம் அளந்தாயிற்று. வாசல் எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு.

"தலை இருக்கிற பக்கம்தான் சார் வாசல்," என்றார் உலகநாதன்.

"வால்தான் சார் தெருவைப் பார்த்து இருக்கு," என்றார் பிச்சுமணி.

அந்த நேரம் பார்த்து எருமை சாணி போட்டது. "கழிவு இந்தப் பக்கம் வருது. அப்ப இதுதான் கொல்லைப்புறம்," என்று தணிகாசலம் தீர்த்துவைத்தார்.

எருமை எழுந்து போய்த் தெருவில் நின்றது. கட்டடம் சாலையை ஆக்கிரமித்துவிட்டது! உடனே நோட்டீஸ் எழுதி நீட்டினார்கள். எருமை அதை மென்று விழுங்கியது.

"உள்ள வாங்கிக்கிச்சு சார்."

"நோட்டீஸ் பெற்றுக்கொள்ளப்பட்டதுன்னு எழுது."

அன்னக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதிர்ல கவுன்சிலர் மச்சான் பாதி ரோட்டை வளைச்சு டீக்கடை போட்டிருக்காரே, அது ஆக்கிரமிப்பு இல்லையா?"

"அது மரத்தடியில இருக்கும்மா, படத்துல தெரியல. இல்லாத கடையை எப்படி எடுக்கிறது?" என்றார் தணிகாசலம், அந்தக் கடை டீயை ஊதிக் குடித்தபடி.

இவர்களோடு மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அன்னக்கொடிக்குப் புரிந்துபோயிற்று. எருமையைப் பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டு, "கட்டடத்தை இடித்துவிட்டேன்" என்று மனு எழுதிக் கொடுத்தாள். மூவரும் வந்து மனையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஒரு செங்கல்கூடக் கிடக்கல சார். இடிச்சா இப்படி இடிக்கணும்," என்று பிச்சுமணி மெய்சிலிர்த்தார். அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

ஐப்பசிக்கு முன்னால் வீடு எழும்பிவிட்டது. அன்னக்கொடி நிம்மதியாகக் குடிபுகுந்தாள். தங்கை வீட்டில் கன்று ஈன்றிருந்த எருமையையும் ஓட்டிவந்து கொல்லையில் கட்டினாள். புது வீட்டை அளக்க வந்த மூவரும் கொல்லையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"இடிச்ச கட்டடத்தைத் திரும்பக் கட்டிட்டாங்க! பக்கத்துல சின்னதா இன்னொண்ணு வேற, அனுமதியே இல்லாம!" என்றார் தணிகாசலம்.

அன்னக்கொடி வாயைத் திறப்பதற்குள், பசித்த கன்று தாயின் மடியில் போய் முட்டியது. உலகநாதன் குனிந்து பார்த்தார்.

"சார், திருட்டுக் குழாய் இணைப்பு சார்! அதுவும் ஒண்ணில்ல, நாலு!"