பள்ளத்தைத் தூர்த்த சேற்றங்கரை அணி

வேங்கைக் காட்டின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. கோடை வந்தால் அது வற்றிவிடும். வற்றிய ஏரியில் விலங்குகள் பந்து விளையாடும். அந்த ஏரியின் சொந்த அணிக்குச் சேற்றங்கரை அணி என்று பெயர். அணியின் செயலாளர் ஓர் உடும்பு.

செயலாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வாலைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து எல்லைக்கோடு போடுவது அவள். கோல் காப்பதும் அவள். முள்ளம்பன்றி தலையால் முட்டிக் கிழித்த பந்தை நாரால் தைப்பதும் அவள். ஜெயித்தால் மாலை தலைவருக்கு விழும். தோற்றால் திட்டு இவளுக்கு விழும்.

தலைவர் ஒரு மயில். பந்தை அவர் ஒரு தடவைகூடக் காலால் தொட்டதில்லை. தோகை அழுக்காகிவிடுமாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று உடும்பை யாராவது கேட்டால், அவள் ஏரிக்கரையைக் காட்டுவாள். அந்தக் கரையில்தான் அவள் வளை இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் அவள் முட்டையிடுவது அந்த வளைக்குள்தான். கோடையில் ஏரித் தரை தங்களுக்கு வேண்டும் என்று காட்டுப்பன்றிகள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தன. கோரைக்கிழங்கு தோண்டத்தான். பன்றி தோண்ட ஆரம்பித்தால் கிழங்கோடு நிற்குமா? கரையையும் குடையும். முட்டையையும் தின்னும்.

காட்டுச் சபை ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. சேற்றங்கரை அணி பந்து விளையாடும்வரை ஏரித் தரை அணிக்குச் சொந்தம். ஏதாவது ஓர் ஆட்டத்தில் பதினொரு பேர் இறங்கிக் கடைசிவரை நிற்கவில்லை என்றால், அணி கலைந்ததாக அர்த்தம். அன்றே தரை பன்றிகளுக்குப் போய்விடும். அதனால் கால் சுளுக்கினாலும் காய்ச்சல் வந்தாலும் உடும்பு பதினொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

அந்தக் காட்டில் அணிகளுக்கு மேல்தட்டு, நடுத்தட்டு, கடைத்தட்டு என்று மூன்று வரிசை உண்டு. சேற்றங்கரை எப்போதும் கடைத்தட்டு. ஆனால் அந்த வருஷம் என்னவோ ஜெயித்துக்கொண்டே போனார்கள்.

என்னவோ என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். காரணம் உடும்புக்குத் தெரியும். ஏரியின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எங்கே உதைத்தாலும் பந்து சுற்றிச் சுழன்று கடைசியில் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். பள்ளத்தில் ஓர் ஆமை நிற்பார். அவர் ஓடமாட்டார். ஓட முடியாது. வந்த பந்தை நிதானமாகத் தட்டி ஓரத்தில் நிற்கும் முயல்களுக்கு அனுப்புவார். முயல் பறக்கும். கோல் விழும். வெளியூர் அணிகள் பந்தைத் தேடி ஓடியே களைத்துப் போகும்.

அந்த வருஷம் சேற்றங்கரை நடுத்தட்டுக்கு உயர்ந்தது. கரையில் ஒற்றைக்காலில் நின்று வேடிக்கை பார்க்கும் கொக்குகள், "நாங்க அப்பவே சொன்னோம்" என்றன. அவை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் மயில் தோகையை விரித்துக்கொண்டு கூட்டம் போட்டார்.

"இனிமே நாம நடுத்தட்டு அணி. நடுத்தட்டு அணிக்கு மேடும் பள்ளமுமா மைதானம் இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க? நடுவுல இருக்கற பள்ளத்தைத் தூர்த்துடுவோம்."

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தலைவரே, அந்தப் பள்ளத்தாலதான் நாம ஜெயிச்சோம்."

"பள்ளத்தாலயா? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் கரையில நின்னு ஆடினது யாரு? நான். அதனால ஜெயிச்சோம்."

"அதுக்கு முந்தின வருஷமும்தானே ஆடினீங்க?"

"முந்தின வருஷம் கொஞ்சம் குறைவா ஆடிட்டேன்" என்றார் மயில்.

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? அதைவிடக் கொடுமை, பள்ளத்தைத் தூர்க்க அவர் ஆள் ஏற்பாடு செய்த அழகு. காட்டுப்பன்றிகளையே கூப்பிட்டுவிட்டார்.

பன்றித் தலைவன் பணிவாக வந்து நின்றான். "கூலியெல்லாம் வேணாங்க தலைவரே. மண்ணைப் புரட்டறப்ப கிழங்கு ஏதாவது கிடைச்சா, அது போதும்."

"பாத்தியா, எவ்வளவு நல்ல மனசு!" என்றார் மயில்.

"தலைவரே, நம்ம தரையைப் பிடுங்கப் பாக்கறவங்களே இவங்கதான்" என்றாள் உடும்பு.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். சந்தேகப்படறவங்களால பெரிய அணி நடத்த முடியாது."

பன்றிகள் கிழங்கைத் தின்றுகொண்டே மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடின. மைதானம் சமமாகிவிட்டது. முதல் நாள் பயிற்சியிலேயே பந்து ஆமையிடம் வரவில்லை. ஆமை பந்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவர் போய்ச் சேருவதற்குள் பயிற்சியே முடிந்துவிட்டது.

"அவரை நிறுத்திடலாம். போய்ச் சொல்லிடு" என்று மயில் உடும்பிடம் சொன்னார். கெட்ட செய்தியைக் கொண்டுபோவதும் செயலாளர் வேலைதான்.

ஆமை கோபப்படவில்லை. புது மண்ணைக் காலால் அமுக்கிப் பார்த்தார். "கொட்டுனாங்க, போயிட்டாங்க. யாரும் மிதிக்கல. ஒரு மழைக்குத் தாங்காது உடும்பு" என்றார். பிறகு மதகுப் பக்கம் நாணல் புதரைப் பார்த்து நடையைக் கட்டினார்.

அவர் இடத்துக்கு மயில் ஒரு கலைமானைக் கொண்டுவந்தார். மேல்தட்டில் ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். முறுக்கிய கொம்பும் நிமிர்ந்த கழுத்துமாக வந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் ஓடிப்போய்ப் பந்தை எடுக்கமாட்டேன். பந்து என்கிட்ட வரணும்" என்றார் கலைமான்.

உடும்பு தலையில் அடித்துக்கொண்டாள். பந்து தானாக வருவதற்கு இருந்த ஒரே இடத்தைத்தான் தூர்த்தாகிவிட்டதே.

கலைமான் முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை பந்தை முட்டினார். பந்து கொம்பில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. உடும்பு அதை இழுத்து எடுத்துத் தைத்து முடிப்பதற்குள் ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று தோல்வி. அடுத்த ஆட்டமும் தோல்வி. அதற்கடுத்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மயில் பயிற்சியாளரை மாற்றினார். குரங்கு போய்க் கழுகு வந்தது. கழுகு வானத்தில் வட்டமடித்துக்கொண்டே பயிற்சி கொடுத்தது. "மேலேயிருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஒருநாள் அப்படியே பறந்து போய்விட்டது. மயில் அணியின் நிறத்தை மாற்றினார். ஆட்டத்துக்கு முன்னால் இன்னும் அதிக நேரம் ஆடினார். ஒருநாள் விடியற்காலையில் உடும்பு தானே போய்ப் பள்ளத்தைக் கொஞ்சம் தோண்டினாள். மயில் பார்த்துவிட்டு, "மைதானத்தை நாசம் பண்ணாதே" என்று மூடச் சொல்லிவிட்டார்.

அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த கீரியை நரிமேட்டு அணி கொத்திக்கொண்டு போனது. கலைமானுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. வலியோடு அவர் துள்ளிக் குதித்து மேல்காட்டுக்கு ஓடியதை உடும்பு பார்த்தாள். கொக்குகள், "நாங்க அப்பவே சொன்னோம்" என்று சொல்லிவிட்டு வேறு ஏரிக்குப் பறந்தன.

கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி நரிமேடு. ஜெயித்தாலும் தோற்றாலும் சேற்றங்கரை கடைத்தட்டுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. உடும்பு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பதினொரு பேர் வேண்டும். அதுதான் அவள் கவலை. பன்றிகள் காலையிலேயே வந்து கரைமேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று அவள் வளை வாசலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

உடும்பு புதர் புதராக அலைந்தாள். தோல்விக்கு ஒன்றையொன்று குற்றம் சொல்லிச் சண்டை போட்டுப் பேசிக்கொள்ளாமல் இருந்த முயல்கள் இரண்டையும் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள். முள்ளம்பன்றி வந்தது. குஞ்சு பொரித்த காட்டுக்கோழியும் வந்தது. இன்னும் நாலு பேர் கிடைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் அவளோடு சேர்த்து ஒன்பது பேர். வேறு வழியில்லாமல் மதகுப் பக்கம் போனாள்.

"ஆமையண்ணே, இன்னிக்கு ஆட்டத்துக்கு வரணும்."

"பள்ளம் இல்லாத மைதானத்துல நான் எதுக்கு?"

"ஆட வேணாம்ணே. சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நிக்கறேன்னுதானே என்னை அனுப்புனீங்க?"

உடும்புக்கு வெட்கமாக இருந்தது. "தப்புதான் அண்ணே. தலைவர் சொன்னாருன்னு வந்து சொன்னேன். முடியாதுன்னு அவர்கிட்ட சண்டை போட்டிருக்கணும். இன்னிக்குப் பதினொரு பேர் இறங்கலைன்னா என் முட்டை அத்தனையும் பன்றி வாயில போயிடும்."

ஆமை கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? இப்பக் கிளம்பினாத்தான் ஆட்டத்துக்கு வந்து சேருவேன்" என்று நடக்க ஆரம்பித்தார்.

பத்து பேர் ஆயிற்று. நடுவர் ஆந்தை வந்துவிட்டது. பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது. அதனால் அது யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. ஆனால் எண்ணத் தெரியும். ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணியது.

"பத்துதான் இருக்கு" என்றது ஆந்தை.

கரைமேல் பன்றிகள் எழுந்து நின்றன.

மயில் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, மரக்கிளைக்குப் பறக்கச் சிறகை விரித்தார். உடும்பு பாய்ந்து அவர் காலைப் பிடித்தாள். பிடித்தது உடும்பு. சொல்ல வேண்டுமா?

"விடு, விடு! என்ன இது மரியாதை இல்லாம?"

"நீங்கதான் பதினொண்ணாவது ஆள், தலைவரே."

"நான் தலைவர். ஆட்டக்காரன் இல்ல."

"அணி இருந்தாத்தானே தலைவர்? இன்னிக்குச் சாயங்காலம் அணி இல்லைன்னா நீங்க வெறும் மயில்."

மயில் சிறகை மடக்கிக்கொண்டார். ஆந்தை அவரையும் தொட்டு எண்ணிவிட்டு ஊதியது.

முதல் பாதியில் நரிமேடு இரண்டு கோல் போட்டது. மயில் பந்து வந்தபோதெல்லாம் தோகையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். இடைவேளையில் வானம் கறுத்தது. கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை விட்டபோது ஏரியின் நடுவில் பன்றிகள் தள்ளிய மண் பொதபொதவென்று உள்ளே இறங்கியிருந்தது. பழைய பள்ளம் பழைய இடத்தில் இருந்தது. ஆமை அதற்குள் இறங்கி நின்றுகொண்டார்.

பிறகு கேட்பானேன். நரிகள் எங்கே உதைத்தாலும் பந்து ஆமையிடம் வந்தது. ஆமை தட்டினார். சண்டையை மறந்து முயல்கள் பறந்தன. ஒரு கோல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் விழுந்தது. கடைசியில் நரிகளெல்லாம் சேர்ந்து பந்தைப் பள்ளத்திலிருந்து எடுக்கப் பாய்ந்தன. அவற்றுக்குப் பயந்து ஓடிய மயில் சேற்றில் வழுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்தார். பந்தின்மேலேயே விழுந்தார். தோகையெல்லாம் சேறு. எழுந்திருக்க முடியவில்லை. நரிகள் பந்தைத் தேடின. ஆந்தைக்கும் பந்து தெரியவில்லை. நேரம் முடிந்தது என்று ஊதிவிட்டது.

இரண்டுக்கு இரண்டு, சமம். சேற்றங்கரை கடைத்தட்டுக்கு இறங்கியது. ஆனால் பதினொரு பேரும் கடைசிவரை நின்றிருந்தார்கள், ஒருவர் மட்டும் படுத்திருந்தார். பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே காட்டுக்குள் போயின. உடும்பு ஓடிப்போய் வளைக்குள் பார்த்தாள். முட்டைகள் பத்திரமாக இருந்தன. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை உடும்பு சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். மயில் அவசர அவசரமாக வந்தார். தோகையில் இன்னும் சேறு காயவில்லை. ஆனால் முகத்தில் பழைய பிரகாசம் வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன் உடும்பு. நீ சொன்னது சரிதான். எல்லாம் பள்ளத்தோட மகிமைதான். ஒரு பள்ளமே இவ்வளவு செய்யும்னா, மைதானம் பூரா பத்துப் பள்ளம் தோண்டினா நாம நேரா மேல்தட்டுக்கே போயிடலாம். பன்றிகளுக்குச் சொல்லி அனுப்பு."

உடும்பு அவரைப் பார்த்தாள். பள்ளத்தில் நின்றிருந்த ஆமையைப் பார்த்தாள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அவள் மயிலின் காலை மறுபடி ஒரு பிடி பிடித்தாள். அவர் தோகையைச் சுண்ணாம்பில் தோய்த்து, "நடங்க தலைவரே, முதல்ல கோடு போடுவோம்" என்று மைதானத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனாள்.

தங்களுக்கு வெற்றி எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ளாதவர்கள், பெருமைக்காக அதைத் தாங்களே அழித்துவிட்டு, தோல்விக்கு மற்றவர்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.