சுவரின் ருசி

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஓலைக்கொட்டகை போட்டு இருந்தார் பிரமு அம்மை. வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் சுயம்புலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாக அம்மை சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். ஆறு நோட்டு நிறைந்துவிட்டது. எடுத்துப் படிக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாவது நோட்டோடு வந்து உட்கார்ந்தார். கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக எறும்புக்கடி.

"அம்மா, எறும்பைக் கொன்னா பாவம். கொல்லாம விட்டா வீட்ல குடியிருக்க முடியல. இதுல எது தர்மம்?"

வழியெல்லாம் யோசித்து யோசித்துச் செதுக்கிக்கொண்டு வந்த கேள்வி. பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

அம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எறும்பு எங்க இருந்து வருது அண்ணாச்சி?"

"சுவத்துல இருந்து."

"சுவத்துல என்ன இருக்கு?"

"கொத்தன் களவாணித்தனம் இருக்கு."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சி மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். ஆணி அடித்தால் சுவர் உதிர்கிறதாம், அடிக்காவிட்டாலும் உதிர்கிறதாம். உதிர்ந்த இடத்திலெல்லாம் எறும்பு. அரிசிப் பானையில், கட்டிலில், சுவிட்சுப் பெட்டியில், மாட்டி வைத்த அப்பா படத்தின் கண்ணாடிக்குள்ளே. மஞ்சள்பொடி, மண்ணெண்ணெய், கடையில் விற்கிற எறும்புப்பொடி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எறும்புகள் சுற்றிப்போகப் பழகிக்கொண்டன. அவர் மனைவிக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டைக் கட்டியவர் தவசிக்கனிக் கொத்தனார். சிமெண்டைக் களவாண்டு விற்றுவிட்டு வெறும் மணலை அப்பிவிட்டான் என்று சுயம்புலிங்கம் முதலில் டீக்கடையில் சொன்னார். பிறகு பஸ் நிறுத்தத்தில் தவசிக்கனியை நிற்க வைத்தே சொன்னார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. தப்புச் செய்தவன் எப்படிப் பேசுவான் என்று பார்த்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டர் சொன்னால் அந்த ஊருக்கு அது ரிஜிஸ்டர் தபால் மாதிரி.

ஊர்க் கல்யாண மண்டபம் கட்டும் வேலை அந்த மாதம்தான் தவசிக்கனியிடம் வந்திருந்தது. அவருக்கும் அவரோடு நிற்கிற எட்டு பேருக்கும் ஒரு வருடச் சாப்பாடு அது. அதைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்க்கமிட்டி கூடுகிறது. பிடுங்கிவிட்டால் சுற்றுப்பட்டில் ஒருவரும் கோழிக்கூடு கட்டக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"கூட்டத்துல நாந்தான் பேசுதேன்," என்றார் சுயம்புலிங்கம். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"வீட்டைப் பாத்துட்டு வருவோம், வாங்க."

சுயம்புலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது வருடத்தில் அம்மை யார் வீட்டுக்கும் போய் அவர் பார்த்ததில்லை. அம்மை வாயாலேயே களவாணி என்று வந்துவிட்டால் கூட்டத்தில் அதற்கு மேல் யார் பேசப்போகிறார்கள்?

கூடத்தில் எறும்புச் சாரை தரையிலிருந்து சுவர் வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அம்மை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டைவிரல் நகத்தால் சுவரைச் சுரண்டினார். பூச்சு பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அது சிமெண்டு," என்று பதறினார் சுயம்புலிங்கம்.

அம்மை உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் நாக்குல வைங்க அண்ணாச்சி."

அம்மை சொல்லி அவர் தட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். முதலில் மணல் நறநறத்தது. அடுத்து ஒரு காரல். துப்பலாமா என்று அவர் நினைக்கும்போது நாக்கின் ஓரத்தில் மெல்ல ஓர் இனிப்பு கசிந்து வந்தது. பிறந்ததிலிருந்து காப்பியில் குடித்த இனிப்பு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருப்பட்டி.

சுயம்புலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் தாத்தா கட்டிய வீடு சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காயும் இடித்துப் போட்டுக் கட்டியது. இன்றைக்கும் அதில் ஒரு கீறல் கிடையாது. அந்த உறுதி தன் வீட்டுக்கும் வேண்டும் என்று நாலு ஓலைப்பெட்டி கருப்பட்டியை டிரம்மில் கரைத்து வைத்தவர் அவர்தான். அது சுண்ணாம்புக்குச் சரி, சிமெண்டில் விட்டால் இறுகாது என்று தவசிக்கனி இரண்டு தரம் சொன்னார். உன் பாட்டன் காலத்துக்கு முந்திய சங்கதியை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று சுயம்புலிங்கம் எட்டு வேலையாட்கள் முன்னால் கேட்டார். பூச்சு வேலை நடந்த அத்தனை நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே செம்பு செம்பாக ஊற்றினார். இதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. சுவர் உதிர உதிர மறதியும் வசதியாக வளர்ந்துவிட்டது.

"கொத்தன்னு இருக்கவன் தடுத்திருக்கணும்லா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தடுக்கலையா?"



அம்மை சாரையைப் பின்பற்றி நடந்தார். அது நிலைப்படியைத் தாண்டி, கொல்லைப்பக்கம் இறங்கி, முருங்கை மரத்து மூட்டுக்குப் போனது. அங்கே மரக்கால் அளவுக்கு எறும்புப்புற்று. அம்மை ஒரு குச்சியால் பக்கத்து மண்ணைக் கிளறினார். மண் கறுப்பாக, கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. உள்ளே கரையாத கருப்பட்டித் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் எறும்பு மொய்த்திருந்தது.

சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தார். சட்டென்று அவருக்கு விளங்கிவிட்டது. பூச்சுக்கு முன்னால், கான்கிரீட் மேல்தளம் போட்ட அன்று, கருப்பட்டி கரைத்த ஒரு டிரம்மைத் தவசிக்கனியிடம் ஒப்படைத்துவிட்டு, வேலையாட்களுக்குக் கறிச்சோறு எடுத்துவர அவர் போயிருந்தார். திரும்பி வந்தபோது டிரம் காலி. தளத்துக்குள் கருப்பட்டி இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, தவசிக்கனி இலையில் இரண்டு துண்டு கறி கூடுதலாக வைக்கச் சொன்னார்.

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா அம்மா? தளத்துக்குக் குடுத்ததை இங்க கொண்டாந்து கொட்டியிருக்கான். என்னை ஏமாத்திட்டு என் கறியையும் தின்னிருக்கான். களவாணின்னு நான் சொன்னேம்லா?"

அம்மை வீட்டுக்குள் போனார். மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சுவத்துல தட்டுங்க."

தட்டினார். ஒரு கை அளவு பூச்சு காலடியில் விழுந்தது.

"மேல தட்டுங்க."

அண்ணாந்து தட்டினார். கம்பு ணங்கென்று அதிர்ந்து கை வலித்தது. தளத்திலிருந்து ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். விழவில்லை. அப்போதுதான் எறும்புகளைக் கவனித்தார். சுவர் முடிகிற விளிம்பு வரை வரிசையாக ஏறிப்போய், தளத்தைத் தொட்டதும் அத்தனையும் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தன. மேலே ஒரு எறும்பு இல்லை.

"எங்க படுக்கீங்க அண்ணாச்சி?"

"இங்கதான். இந்தக் கூடத்துலதான்."

"பொண்ணு, பேரப்பிள்ளைக வந்தா?"

"அவங்களுக்கும் இதே கூடம்தான்."

"பூச்சு உதிர்ந்தா மறுபடி பூசிக்கிடலாம். தளம் விழுந்தா?" என்றார் அம்மை.

சுயம்புலிங்கம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எறும்பு அவர் கணுக்காலில் ஏறியது. தட்டிவிடத் தோன்றவில்லை. பஸ் நிறுத்தத்தில் குனிந்திருந்த தலை நினைவுக்கு வந்தது. அவர் மனம் அப்படிக் கனத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அத்தனை பேர் முன்னால அவ்வளவு பேசுனேனே. நீதானய்யா ஊத்துனன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா ஊரு யாரைப் பாத்துச் சிரிச்சிருக்கும்?"

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். சுவர்க்கடிகாரம் நாலரை அடித்தது. அதன் கண்ணாடிக்குள்ளும் இரண்டு எறும்பு. வந்ததும் தரையில் வைத்த ஏழாவது நோட்டு திறந்தபடி கிடந்தது. அதன்மேல் இருந்த பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கேட்டுவிட்டு வந்த கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். வாய்க்குள் மணலும் இனிப்புமாக இன்னும் பிசுபிசுத்தது. அடுக்களை வாசலில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனார்.

அம்மை நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கொப்பளிக்காதீங்க அண்ணாச்சி. அந்த நாக்கோடயே கூட்டத்துக்குப் போங்க."