தூளிக்குக் கீழே நரி

காட்டில் இருந்தவையும் வீட்டில் இருந்தவர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மலையடிவாரத்தில் அங்காயி என்று ஒருத்தி, புருஷன் மாரப்பனோடு தோட்டம் போட்டிருந்தாள். சோளம், அவரை, நடுவில் ஒரு பெரிய நாவல் மரம். தோட்டம் என்று ஒன்று இருந்தால் காட்டிலிருந்து விருந்தாளி வராமல் இருக்குமா? பன்றி வந்தது, முயல் வந்தது, நரி வந்தது. தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம்.

முள் வெட்டி வேலி போடலாம் என்றான் மாரப்பன்.

“நீங்க வேலி கட்டி முடிக்கிறதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிரும்,” என்று சிரித்தாள் அங்காயி. “வாய் இருக்கிற ஜீவன்தானே? பேசிப் பார்த்தா ஆச்சு.”

தன் வாய்மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. மறுநாள் காலை தோட்டத்து எல்லையில் நின்று எல்லாவற்றையும் கூப்பிட்டாள். “செடியிலயும் மரத்திலயும் இருக்கிறது எனக்கு. தரையில கிடக்கிறதெல்லாம் உங்களுக்கு. சம்மதமா?”

பன்றி உறுமிச் சம்மதம் சொன்னது. முயல் காதை ஆட்டியது. நரி மட்டும், “தரையில கிடக்கிறதெல்லாமா, தாயி?” என்று கேட்டது.

“எல்லாந்தான்,” என்று கையை வீசிச் சொன்னாள். ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருக்கலாம். அன்று அவளுக்கு அது தோன்றவில்லை.

விலங்குகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. ஒரு கதிர்கூடக் குறையவில்லை. உதிர்ந்த நாவற்பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போயின. அடுத்த வருஷம் அங்காயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வளர்த்தாள். பவளம் என்று பெயர் வைத்தாள்.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அப்போதெல்லாம் நிழலில் பழஞ்சேலை விரித்துப் பிள்ளையைக் கிடத்துவார்கள். அங்காயியும் அப்படித்தான் நாவல் மரத்தடியில் பவளத்தைக் கிடத்திவிட்டு அவரை பறிக்கப் போனாள். உச்சி வெயில். மாரப்பன் சந்தைக்குப் போயிருந்தான். திடீரென்று சில்வண்டுகளின் சத்தம் நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. அந்த அமைதியில் பவளம் களுக் களுக்கென்று சிரிப்பது மட்டும் கேட்டது. யாராவது விளையாட்டுக் காட்டினால்தான் அவள் அப்படிச் சிரிப்பாள்.

அங்காயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

விரிப்பின் ஓரத்தில் நரி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னங்கால் ஒன்று சேலையின் மேல் இருந்தது. பிள்ளை அதன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, நரி பொறுமையாக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“வா தாயி,” என்றது. “உனக்காகத்தான் காத்திருந்தேன். தோட்டக்காரிகிட்டச் சொல்லாம எடுத்துட்டுப் போனா திருட்டு ஆயிரும்.”

அங்காயி இரு கையையும் நீட்டினாள். “அது என் பிள்ளை, நரியண்ணே.”

“தரையிலதானே கிடக்கு?”

“நான் பழத்தைச் சொன்னேன். பிள்ளையையா சொன்னேன்?”

“எல்லாமான்னு கேட்டேன். எல்லாந்தான்னே. ஒரு வருஷத்துக்கு மேலா உன் கதிரைத் தொட்டோமா? பசியோட நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போறோம். எங்க சொல்லு நிக்குது. உன் சொல்லு நிக்காதா?”

அதன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்றால், நரியின் வாய் பிள்ளையின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“பசியோட அனுப்ப மனசு வரலை. ஒரு வாய் பால் குடுத்துக்கிறேன்.”

நரி யோசித்தது. “குடு. மர நிழலை மட்டும் தாண்டிராதே.” காலை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தது.

அங்காயி பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்தாள். தலைக்கு மேல் ஒரு கிளை தாழ்வாக நீண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கீழே கிடந்த பழஞ்சேலையை உருவிக் கிளைமேல் வீசினாள். ஒரு கையாலும் பல்லாலுமாக முடிச்சுப் போட்டாள். தொங்கிய சேலைக்குள் பவளத்தை வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

“இப்போ சொல்லு நரியண்ணே. என் பிள்ளை எங்கே இருக்கு?”

நரி தூளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடியில் தலையை நுழைத்துப் பார்த்தது. “மரத்தில,” என்று ஒப்புக்கொண்டது. “மரத்தில இருக்கிறது உனக்கு.”

அங்காயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூளியைப் பிடித்து ஆட்டினாள். ஆட்டத்தில் பவளத்துக்குக் கண் சொருகியது. போகத் திரும்பிய நரி நின்றது.

“தூங்கிட்டாளா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“தூங்குறவ தூளியிலயா இருக்கா? அவ இப்போ வேற எங்கேயோ நடந்து போயிருக்கா. அங்கேயும் தரை இருக்கு, தாயி. அங்கே நான் போய் நிக்கலாம்.”

அங்காயி பிள்ளையைப் பார்த்தாள். மூடிய இமைக்குள் கருவிழி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்கே என் பிள்ளையை என்ன செய்வே?”

“முதல்ல விளையாட்டுக் காட்டுவேன். சிரிப்பா. பிறகு விரட்டுவேன்.”

“அழுதா எழுப்பிருவேன்!”

“எழுப்பு. அதுக்குள்ள பிடிக்க முடியுதான்னு பார்க்கிறேன்.”

நரி சோளத்துக்குள் நுழைந்தது. ஒரு தட்டைகூட ஆடவில்லை. தூளிக்குள் பவளம் கண் திறக்காமலே உதட்டோரம் சிரித்தாள்.

அந்த மத்தியானத்திலிருந்துதான் தோட்டத்துக்குப் போகும் தாய்மார் பிள்ளையைத் தரையில் விடாமல் மரத்தில் தூளி கட்டிப் போடுகிறார்கள். கைக்குழந்தைகள் தூக்கத்தில் காரணமில்லாமல் சிரிப்பதும், சிரித்த வாய் கோணித் திடுக்கிட்டு அழுவதும் அன்று முதல்தான். நரி விரட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடிவருகிற தாய், முதலில் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் தட்டிக்கொடுக்கிறாள்.