இடது கண்ணாடி

தூங்குகிற பிள்ளை ரொம்ப நேரம் அசையாமல் கிடந்தால், மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

அந்தப் பழைய நீராவி எஞ்சினைப் பிலோமினா அப்படித்தான் பார்ப்பாள். ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை, குழாய் குழாயாக மாற்றி உயிர்கொடுத்த பாய்லர் மேஸ்திரி அவள். அதை ஓட்டப் பழக வந்தவர் செல்லையா. இருபத்தெட்டு வருஷம் டீசல் எஞ்சின் ஓட்டியவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருந்தாலும் "மேஸ்திரியம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

நாளை மறுநாள் முதல் ஓட்டம். இரண்டு பெட்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். செல்லையாவுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். பாய்லரில் தண்ணீர் குறைந்துபோனால், நெருப்புக்கு மேலிருக்கும் இரும்புத் தகடு காய்ந்து, பாய்லரே வெடித்துவிடும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று காட்ட, ஓட்டுபவர் கண்ணெதிரே இடதும் வலதுமாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன.

"மேஸ்திரியம்மா, இந்தப் பயம் எப்போ போகும்?"

"வண்டியை எடுங்கண்ணே. கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்."

ஷெட் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போனார்கள். அவள் கரி அள்ளிப் போட்டாள். நாலாவது தடவை செல்லையா ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

"என்னண்ணே, முகம் புதுமாப்பிள்ளை மாதிரி தெளிஞ்சிருக்கு?"

"தண்ணி முக்கால் குழாய்க்கு நிக்குதும்மா. அசையவே இல்ல."

"எந்தக் கண்ணாடில?"

"இடதுல. வலதுல குதிகுதின்னு குதிக்குது. அதான் அந்தப் பக்கமே திரும்பல."

பிலோமினா கரி அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துங்க."

இடது கண்ணாடிக்கு அடியிலிருந்த சின்னக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வடிந்தது. அப்புறம் ஆவி மட்டும் சீறியது. மூடினாள். பாய்லரிலிருந்து தண்ணீர் திரும்பி ஏறவேண்டும்.

ஏறவில்லை.

செல்லையா வலது பக்கம் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற்றும் வால்வைத் திறக்க அவர் கை இரண்டு தடவை வழுக்கியது.

வலது கண்ணாடியில் பாதிக்கு ஏறியதும்தான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

"அடித் துவாரம் அடைச்சிருக்கு," என்றாள் அவள். "இது பாய்லரைக் காட்டல. தனக்குள்ள தேங்கினதைக் காட்டிட்டு இருந்திருக்கு."

செல்லையா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற ஆளைப் பாருங்கம்மா. பயந்தவன் கையில பிள்ளைகளைக் குடுக்காதீங்க."

பிலோமினா நெருப்பை அணைக்கச் சொன்னாள். மறுநாள் பாய்லர் ஆறியதும், ஒரு கம்பியை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடையக் குடைய, துவாரத்திலிருந்து சுண்ணாம்புக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

முதல் ஓட்டத்தன்று பிள்ளைகள் கத்திக்கொண்டே ஏறினார்கள். செல்லையாவும் ஏறினார். வண்டி நகர்ந்ததும், துடைக்கத் துடைக்க உள்ளங்கை வேர்த்தது.

"மேஸ்திரியம்மா, இப்போ ரெண்டு கண்ணாடியும் குதிக்குது."

"ம்."

"எனக்குக் கையும் நடுங்குது."

பிலோமினா நெருப்புக் கதவைத் திறந்து ஒரு அள்ளு கரி போட்டாள்.

"நடுங்கட்டும்ணே. நடுக்கம் நின்னுபோச்சுன்னா மட்டும், எனக்கு ஒரு குரல் குடுங்க."