சேற்றில் நின்ற கார்

ஆனைமலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. அங்கே எட்டாவது படிக்கிற மாசாணி, பத்தாம் வகுப்புக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிடுவாள். ஆனால் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் வருஷம் தாண்டியும் வேறு ஆள் வரவில்லை. கேட்க நாதியில்லை!

பார்வையிட வந்த கல்வி அதிகாரியிடம், "இந்தப் புள்ளைக்காகவாவது ஒரு வாத்தியாரை அனுப்புங்க" என்று கெஞ்சினார் தலைமை ஆசிரியை.

"நிஜமான திறமைன்னா தானா மேல வரும்மா. கைதூக்கி விட்டாத்தான் கெட்டுப்போகும்" என்றார் அதிகாரி. சொந்த மகனுக்குப் பாடத்துக்கொரு டியூஷன் வைத்திருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

பேசிவிட்டுக் காரில் ஏறினார். மழையில் ஊறிய மைதானத்தில் சக்கரம் புதைந்தது. டிரைவர் முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது.

"பசங்களா, வந்து தள்ளுங்க!" என்று கூப்பிட்டார் அதிகாரி.

ஓடிய பிள்ளைகளை மாசாணி கைநீட்டி மறித்தாள்.

"நல்ல வண்டிதானுங்களே ஐயா? தானா மேல வந்துருமுங்க. நாங்க கைதூக்கி விட்டாக் கெட்டுப்போயிருமுங்க."

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. "சரி சரி, திங்கட்கிழமை வாத்தியார் வந்துருவார். தள்ளுங்க."

"அப்படீங்களா? அப்ப வண்டியையும் திங்கட்கிழமையே தள்ளிர்றோமுங்க."